திரையில் இசைவும் திரைமறைவில் உழைப்பும்: பாலியற் படங்களின் உற்பத்தி முறைமை பற்றி மலையகத்திலிருந்து ஒரு நோக்கு

1. பிரச்சினை

பாலியற் படங்கள் பற்றி நமது ஆய்விதழ்களிலே எழுதுவோர் மிகச் சிலரே. இவ்விடயம் ஆய்வுக்குத் தகாதது என்னும் கூச்சம் இதற்கு ஒரு காரணம். ஆராய்வதற்கு அதில் எதுவுமில்லை என்னும் அலட்சியம் மற்றொரு காரணம். ஆயினும், நாம் எழுதாமையால் அப்படங்கள் பார்க்கப்படாமற் போய்விடவில்லை. முதலில் வீடியோ நாடாவாகவும், பின்னர் இறுவட்டாகவும், இன்று கைத்தொலைபேசி வழியாகவும் அவை மலைநாட்டுத் தோட்டங்களின் லயங்கள்வரை வந்து சேர்ந்துள்ளன. ஆண் – பெண் உறவு பற்றிய முதற் பாடத்தை இளைஞர் பலர் அங்கிருந்தே பெறுகின்றனர். பாடசாலையும் பெற்றோரும் தொழிற்சங்கமும் வாய் திறவாத ஒரு துறையிலே சந்தை ஒன்றே ஆசிரியனாக அமர்ந்துள்ளது என்பதை மனங்கொள்ளின், இவ்விடயத்தின் முக்கியத்துவம் புலப்படும்.

இப்படங்கள் பற்றி இருவகை நோக்குகள் நிலவுகின்றன. முதலாவது ஒழுக்கவாத நோக்கு. இலங்கையிலே 1912ஆம் ஆண்டின் பொது அரங்காற்றுகைகள் கட்டளைச் சட்டமும், 1927ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டமும் இந்நோக்கின் குடியேற்றகால வடிவங்களாகும். எவ்வளவு காட்டப்பட்டது என்பதே தணிக்கையின் கேள்வி. இந்தியாவில் சினிமாச் சட்டம் வகுத்த 'ஏ' சான்றிதழும் இத்தகையதே. தமிழில் முதன்முதலாக அச்சான்றிதழைப் பெற்றதாகக் கூறப்படும் 'மர்மயோகி' (1951) பேய்க்காட்சிகளுக்காகவே அதனைப் பெற்றது என்பதிலிருந்து, 'வயதுவந்தோர்' என்பது ஒரு நிருவாக வகுப்பே அன்றி, படத்தின் தன்மையை விளக்கும் கருத்தாக்கமன்று என்பது தெளிவாகும்.

இரண்டாவது சந்தை நோக்கு. திரையில் தோன்றும் இருவரிடையே 'கெமிஸ்ட்ரி' எவ்வளவு கைகூடியுள்ளது என்பதே அதன் கேள்வி. திரையிதழ்கள் பெருவழக்காக்கிய இச்சொல்லை நாம் இக்கட்டுரையில் 'இசைவு' எனக் குறிப்பிடுவோம். இச்சொல்வழக்கு ஒரு கருத்துநிலையைத் தன்னுள் கொண்டுள்ளது. இரு பொருள்கள் சேர்ந்தவிடத்துத் தாமாகவே வினைபுரிவதுபோல, இரு உடல்களிடையே இசைவும் இயல்பாகவே தோன்றிவிடுகின்றது. யாரும் அதனை ஆக்கவில்லை, யாரும் அதற்காக உழைக்கவில்லை என்னும் எண்ணத்தை அது விதைக்கின்றது.

தணிக்கையாளரும் வியாபாரியும் ஒருவரையொருவர் பகைப்பவர்போலத் தோன்றினும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றனர். இந்த நெருக்கம் எவ்வாறு, எவரால், எத்தகைய நிலைமைகளில் உற்பத்தி செய்யப்பட்டது என்று இருவருமே கேட்பதில்லை. அக்கேள்வியை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. தேயிலைப் பொதியின் பாடம்

இக்கேள்வியைக் கேட்பதற்கு மலையகம் தகுந்ததோர் இடம் எனக் கருதுகின்றோம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஆண்டு 1867. கார்ல் மார்க்சின் 'மூலதனம்' முதற் பாகம் வெளிவந்ததும் அதே ஆண்டிலேயே. மனிதர்களுக்கிடையேயான உறவு பொருள்களுக்கிடையேயான உறவாகத் தோற்றங்காட்டுவதை மார்க்ஸ் அந்நூலிலே பண்டத்தின் மாயத்தன்மையாக விளக்கினார். அதனை விளங்கிக்கொள்ள ஒரு தேயிலைப் பொதியே போதுமானது.

பொதியின்மேல் புன்னகைக்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் இருக்கும். உள்ளேயுள்ள தூளோ பல தோட்டங்களின் இலை. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏல விற்பனையினூடாகச் சென்று, பல மலைகளின் தேயிலை ஒன்றுகலக்கப்பட்டு, ஒரு வியாபாரப் பெயரின்கீழ் அது அடைக்கப்படுகின்றது. அதிகாலைப் பெரட்டு, அட்டைக்கடி, மழை, கூடையின் கனம், நிர்ணயித்த கிலோ நிறையாதவிடத்து விழும் அரைப்பேர் ஆகிய எதுவும் பொதியிலே தெரிவதில்லை. தோட்டத்து வழக்கிலே ஒரு நாள் வேலை 'பேர்' எனப்படும். உழைப்பவளின் பெயர் செக்ரோலில் விழுந்தாற்றான் அவளுக்குக் கூலி. அவள் பறித்த இலையிலோ அவளது பெயர் இல்லை. 2021இல் நாட்கூலி 1,000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்படுவதற்கு எத்தனை ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது என்பதை அந்தப் புன்னகை சொல்லாது.

திரையில் தோன்றும் நெருக்கத்தையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும். அங்கும் ஒரு புன்னகை உண்டு. அங்கும் பல இடங்களிலிருந்து எடுத்தவை கலக்கப்படுகின்றன. அங்கும் பேர் இல்லை.

3. இசைவு ஆக்கப்படும் முறை

சோவியத் திரைக்கலைஞர் லெவ் குலெஷோவ், மொஸ்ஜூகின் என்னும் நடிகரின் ஒரே முகத்துண்டை வெவ்வேறு காட்சித்துண்டுகளுடன் அடுத்தடுத்து இணைத்துக் காட்டிய பரிசோதனை திரைப்பட மாணவர் அனைவரும் அறிந்ததே. முகம் மாறவில்லை, எனினும் அதிலே பசியையும் துயரையும் ஆசையையும் பார்வையாளர் கண்டதாகக் கூறப்படுகின்றது. உணர்வின் பிறப்பிடம் நடிகரின் உள்ளம் மட்டுமன்று. இரு துண்டுகளை ஒட்டும் மேசையும் அதன் பிறப்பிடமாகலாம் என்பதே இப்பரிசோதனையின் சாரம். காதற்காட்சி எதுவும் இதற்கு விலக்கன்று. ஒளியமைப்பு, கமெராவின் தூரம், பின்னணி இசை, பின்னர் சேர்க்கப்படும் மூச்சொலி யாவும் சேர்ந்தே 'இசைவு' எனப்படுவது உருப்பெறுகின்றது.

தென்னாசியாவின் மலிவுப் பாலியற் படங்களில் இவ்வாக்கமுறை அதன் அப்பட்டமான வடிவத்தை எய்தியது. தமிழகத்திலும் கேரளத்திலும் 'பிட்டு' என வழங்கிய துண்டுப்படங்கள் இதற்குச் சான்று. தணிக்கைச் சான்றிதழ் பெற்ற ஒரு படத்தின் இடையே, அதனோடு தொடர்பற்ற, சான்றிதழ் பெறாத காட்சித்துண்டொன்று திரையரங்கிலே ஒட்டிக் காட்டப்படும். வங்காளதேசத்தில் இதற்கிணையான வழக்கத்தை நேரில் ஆராய்ந்து லோட்டே ஹூக் 2014இல் நூலாக வெளியிட்டுள்ளார். இவ்வகைப் படத்திலே ஒருத்தியின் முகமும், இன்னொருத்தியின் உடலும், மூன்றாமொருத்தியின் குரலும் சேர்ந்து ஒரு 'கதாநாயகி' ஆகின்றாள். திரையில் தழுவிக்கொள்வதாகத் தோன்றும் இருவர் ஒருவரையொருவர் நேரிற் கண்டதே இல்லை என்பதும் இங்கு நடக்கக்கூடியதே. பார்வையாளன் மெய்யென்று நம்பும் இசைவு, உண்மையில் தேயிலைக் கலவையைப் போன்ற ஒரு கலவை.

மலையாளத்தில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த 'கின்னாரத் தும்பிகள்' இவ்வுற்பத்தியின் பொருளாதாரத்தைத் துலக்கமாகக் காட்டிற்று. குறைந்த முதலீட்டிலே, குறுகிய நாள்களிலே எடுக்கப்பட்ட அப்படத்தின் வெற்றியைத் தொடர்ந்து, ஷகீலாவின் பெயரால் படங்கள் வரிசையாக வந்தன. பெரும் நட்சத்திரங்களின் படங்கள் தோல்வியுற்ற காலத்தில் அரங்குகளை அவை நிரப்பின. தமக்குப் பதிலாக வேறு பெண்ணின் உடல் அப்படங்களிலே பயன்படுத்தப்பட்டதை ஷகீலாவே பின்னாளில் பகிரங்கமாகக் கூறியுள்ளார். பெயர் ஒருவருக்கு, வெளிப்பட்ட உடல் பெயரற்ற வேறொருவருக்கு, இலாபம் இருவருக்குமன்றி மூன்றாமவருக்கு. மூலதனத்தின் வேலைப்பிரிவினை பற்றி நாம் படித்தவற்றுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

சில்க் ஸ்மிதாவின் வரலாறு இன்னொரு பக்கத்தைக் காட்டும். ஆந்திரத்தின் எளிய குடும்பமொன்றிலிருந்து சென்னை வந்து, ஒப்பனை உதவியாளராகத் தொழில் தொடங்கி, 'வண்டிச்சக்கரம்' (1980) மூலம் புகழ்பெற்றவர் அவர். பதினேழு ஆண்டுகளுக்குள் ஐந்து மொழிகளிலே நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் அவர் தோன்றினார். ஒரு பாடலுக்காக அவரை ஒப்பந்தஞ்செய்தாற்றான் படம் விலைபோகும் என்று விநியோகத்தர் கருதிய காலமும் இருந்தது. நல்ல வேடங்களை விரும்பிய அக்கலைஞருக்குச் சந்தை அனுமதித்தது ஒரே வேடமே. 1996 செப்டெம்பரில், முப்பத்தைந்து வயதில், அவர் சென்னையில் இறந்தார். அவரது உருவமோ இன்றும் விற்பனையில் உள்ளது.

இவ்விடத்தில் நமது ஒப்புமையின் எல்லையையும் கூறுதல் வேண்டும். பறித்த கொழுந்து தேநீராகிக் குடிக்கப்பட்டதும் முடிந்துபோகின்றது. பதிவாகிய உருவமோ முடிவதில்லை. ஒரு நாட்கூலிக்கு விற்ற உழைப்பு, உழைத்தவளின் ஆயுளுக்கு அப்பாலும் பிறருக்கு வருவாய் ஈட்டுகின்றது. அதனைத் திரும்பப் பெறும் வழி அவளுக்கில்லை. பாலியற் படத் தொழிலிலே சுரண்டல் மற்றைத் தொழில்களிலும் ஆழமாகப் பாய்வது இக்காரணத்தாலேயே.

4. புன்னகையும் உடன்பாடும்

இப்படங்களில் நடிப்போர் விரும்பியே நடிக்கின்றனர்; அவர்களது முகமே அதற்குச் சாட்சி என்று வாதிடுவோர் உளர். அமெரிக்காவில் 1972இல் வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்ட 'டீப் த்ரோட்' படம் இவ்வாதத்துக்குப் பெரிதும் எடுத்தாளப்பட்டது. லிண்டா லவ்லேஸ் என்னும் பெயரில் அதில் நடித்த லிண்டா போர்மன், 1980இல் வெளியிட்ட தன்வரலாற்றிலே, கணவனின் அடிக்கும் மிரட்டலுக்கும் அஞ்சியே தாம் நடித்ததாகக் கூறினார். 1986இல் அமெரிக்க அரசின் விசாரணைக்குழுவின் முன்னும் அவ்வாறே சாட்சியமளித்தார். தமது உடலிலிருந்த கன்றல்கள் அப்படத்திலேயே தெரிவதாகவும் அவர் சுட்டிக்காட்டினார். இலட்சக்கணக்கானோர் அக்காட்சிகளைப் பார்த்தனர். எனினும் கன்றல்களைக் கண்டோர் இலர். இசைவைக் காணப் பழக்கப்பட்ட கண்ணுக்குக் காயம் தெரிவதில்லை.

இது மலிவுப் படங்களின் குறை மட்டுமே, கலைப்படங்கள் இதற்கு அப்பாற்பட்டவை என்று கருதுவதும் தவறாகும். பெர்னார்டோ பெர்த்தொலூச்சியின் 'பாரிசில் கடைசி டாங்கோ' (1972) கலைச்சிகரமென்று போற்றப்பட்ட படம். அதிலே நடித்தபோது மரியா ஷ்னைடருக்கு வயது 19. அதன் வன்முறைக் காட்சியொன்றின் முக்கிய விவரம் தமக்கு முன்கூட்டியே சரிவரச் சொல்லப்படவில்லை என்றும், செயல் பாவனையே ஆயினும் தமது கண்ணீர் மெய்யானது என்றும் 2007இல் அவர் கூறினார். நடிகையாக அன்றி ஒரு பெண்ணாக அவர் அவமானமுறுவதைப் பதிவுசெய்யவே தாம் அவ்வாறு மறைத்ததாக இயக்குநர் 2013இல் ஒப்புக்கொண்டார். ஷ்னைடர் 2011இலேயே இறந்துவிட்டார். 'இயல்பு' என்னும் அழகியற் கோட்பாடு உழைப்பாளியின் அறியாமையை மூலப்பொருளாகக் கொள்ளுமாயின், அவ்வழகியலை நாம் ஐயத்துடனேயே நோக்குதல் வேண்டும்.

விரும்பி இத்தொழிலை மேற்கொள்வோரும் உளர் என்பதை நாம் மறுக்கவில்லை. அவர்களை இழிவாகக் கருதுவதும் நமது நோக்கமன்று. தோட்டத்துத் தொழிலாளியும் 'சுதந்திரமாகவே' பெரட்டுக்குச் செல்கின்றாள். செல்லாவிட்டால் அடுப்பெரியாது என்பதே அச்சுதந்திரத்தின் பொருள். ஆகவே விருப்பம் இருந்ததா என்பதோடு கேள்வி முடிந்துவிடாது. மறுத்திருந்தால் அவருக்கு என்ன நேர்ந்திருக்கும், மறுப்பதற்கு அவருக்குப் பின்னே யார் நின்றனர் என்றும் கேட்டாக வேண்டும்.

இவ்விடத்தே ஒரு முன்னேற்றத்தைக் குறிப்பிடல் தகும். 1970களின் நியூயோர்க் பாலியற் படத் தொழிலைக் கதையாகக் கொண்ட 'த டியூஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பிலே, நடிகை எமிலி மீட் எழுப்பிய கோரிக்கையையடுத்து, 2018இல் நெருக்கக் காட்சிகளுக்கென ஓர் ஒருங்கிணைப்பாளர் நியமிக்கப்பட்டார். எவ்வசைவு, எத்தொடுகை, எவ்வளவு நேரம் என்பன முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ளப்பட்டன. அமெரிக்க நடிகர் சங்கம் 2020இல் இதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. இவ்வாறு முன்னமே திட்டமிட்டால் இசைவு குன்றும் என்று அஞ்சியோர் இருந்தனர். அவ்வச்சத்துக்குக் கூத்து மரபு அறிந்த நாம் எளிதில் விடைகூறலாம். காமன் கூத்திலே ரதியும் மதனும் ஆடும் ஆட்டத்தின் அடிகள் யாவும் முன்னமே வகுத்துப் பழகியவை. ரதிக்கு வேடமிடுபவரும் ஆணே. அதனால் மலையகத்து மக்கள் அக்காதலில் உருகாமல் இருந்ததில்லை. ஒழுங்கும் உடன்பாடும் கலையைக் கொல்வதில்லை.

5. காம்பராவும் கண்ணும்

இனி, இப்படங்கள் வந்துசேரும் இடத்தை நோக்குவோம். குடியேற்றகால லயத்தின் காம்பரா ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவுடையது. பெற்றோர், மணமான மகன், மருமகள், குமரிப் பிள்ளைகள் யாவரும் அதற்குள்ளும் இஸ்தோப்பிலுமே உறங்கவேண்டிய நிலை தலைமுறைகளாக நீடித்தது. புதிய வீடமைப்புத் திட்டங்கள் வந்த பின்னரும் லயவாழ்க்கை முற்றாக ஒழியவில்லை. கணவனும் மனைவியும் தமக்குள் ஒரு வார்த்தை பேசுவதற்கும் சுவரற்ற வாழ்க்கை அது. தனிமை என்பதும் ஒரு சொத்து. அதுவும் வர்க்க அடிப்படையிலேயே பங்கிடப்பட்டுள்ளது. தமக்கென நெருக்கத்துக்கு இடமில்லாத மக்களுக்கு, பிறர் நெருக்கத்தின் போலி உருவைச் சந்தை மலிவு விலையில் விற்கின்றது. இதனை இளைஞரின் ஒழுக்கக்கேடு என்று மட்டும் கண்டிப்போர், அவ்விளைஞருக்கு ஓர் அறைக்கதவு இல்லை என்பதையும் சேர்த்துப் பேசுதல் வேண்டும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. திரை நோக்கும் கண் ஆணின் கண்ணாகவே அமைக்கப்பட்டுள்ளதை லோரா மல்வி 1975இல் விளக்கினார். மலையகப் பெண்ணைப் பொறுத்தவரை அக்கண் ஆணின் கண் மட்டுமன்று. துரையின் கண்ணும் உல்லாசப் பயணியின் கண்ணும் விளம்பரக்காரனின் கண்ணும் அதனுட் சேர்ந்துள்ளன. தேயிலைச் சரிவின் பின்னணியிலே கூடை சுமந்து சிரிக்கும் பெண் பாடற்காட்சிக்குரிய அலங்காரமாகவே பெரும்பாலும் பயன்படுத்தப்பட்டாள். எஸ். இராமநாதன் இயக்கத்தில் வி. பி. கணேசன் நடித்த 'புதிய காற்று' (1975) போன்ற இலங்கைத் தமிழ்ப் படங்கள் தோட்ட மக்களைத் திரையின் நடுவே கொணர முயன்றன. கணேசன் தொழிற்சங்கவாதியுமாவார் என்பது தற்செயலன்று. உருவத்தைப் பற்றிய உரிமையும் உழைப்பைப் பற்றிய உரிமையும் ஒன்றோடொன்று இணைந்தவை.

கைத்தொலைபேசி வந்த பின்னர் இவ்வுண்மை கூர்மையடைந்துள்ளது. பார்ப்பவனே பதிவுசெய்பவனாகவும் மாறிவிட்டான். நம்பிக்கையின்பேரில் எடுத்த படமொன்று உடன்பாடின்றிப் பிறர் கைக்குச் செல்லுமாயின், அழிவது அப்பெண்ணின் வாழ்க்கையே. பெண்ணுருவம் பேரற்ற ஒரு பொருள் என்று பாலியற் படம் கற்பித்த பாடமே இக்கொடுமைக்கு மனத்தளவில் வழியமைக்கின்றது.

6. மற்றொரு முறைமை

நெருக்கத்தை நேர்மையாகக் காட்டுதல் இயலாதா என்னும் வினாவுக்கு, மலையகத்தையே களமாகக் கொண்ட ஒரு படம் விடை தருகின்றது. பிரசன்ன விதானகே இயக்கிய 'ஒப நத்துவா ஒப எக்க' (2012), தஸ்தயேவ்ஸ்கியின் குறுநாவலொன்றைத் தழுவியது. மலைநாட்டுச் சிறுநகரொன்றிலே அடகுக்கடை நடத்தும் சிங்களவன் சரத்சிரி; போரினால் வடக்கிலிருந்து அங்கு வந்துசேர்ந்த தமிழ்ப் பெண் செல்வி. நகை அடகுவைக்க வரும் அவளும் அவனும் முதலிற் சந்திப்பது கடையின் மேசைக்கு இருபுறமும் நின்றேயாகும். காசு உள்ளவனுக்கும் இல்லாதவளுக்கும் இடையே உள்ள அம்மேசை, மணமான பின்னரும் அவர்களிடையே கண்ணுக்குத் தெரியாமல் நீடிக்கின்றது. அவன் முன்னாள் இராணுவத்தினன் என்பது வெளிப்படும்போது அது மதிலாகவே எழுகின்றது.

ஷியாம் பெர்னாண்டோவும் இந்திய நடிகை அஞ்சலி பட்டீலும் அவ்வேடங்களில் நடித்தனர். அதே ஆண்டின் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் பட்டீலுக்குச் சிறந்த நடிகைக்கான வெள்ளி மயில் விருது கிடைத்தது. அவர்களிடையே நாம் உணரும் ஈர்ப்பு மெளனத்திலும் தயக்கத்திலும் உருவாகின்றது. வர்க்கம், இனம், போர் ஆகியன இரு உடல்களுக்கிடையே எவ்வாறு வந்து படுக்கின்றன என்பதை மறைக்காமையாலேயே அவ்வீர்ப்பு மெய்யாகின்றது. பாலியற் படமோ இருவரையும் அவர்தம் வரலாற்றிலிருந்து பிரித்தெடுத்து, ஊரற்ற, தொழிலற்ற, நாளையற்ற உடல்களாக்கியே விற்கின்றது. உடல் வெளிப்படும் அளவில் மட்டும் இரண்டின் வேறுபாட்டையும் தேடுவோர் இதனைத் தவறவிடுவர்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், திரையிலே இசைவென்று தோன்றுவது உழைப்பின் விளைபொருள் என்பதும், அவ்வுழைப்பை மறைப்பதிலேயே பாலியற் படச் சந்தையின் இலாபம் தங்கியுள்ளது என்பதும் பெறப்படும். தடைச்சட்டம் படத்தை ஒளித்துவைக்கக்கூடும். உழைத்தவரை அது காக்காது. தடைசெய்யப்பட்ட தொழிலிலே ஒப்பந்தமும் இல்லை, சங்கமும் இல்லை, முறையிட இடமும் இல்லை. எனவே திரைத்தொழிலாளர் அனைவருக்கும் உடன்பாட்டையும் ஊதியத்தையும் தம் உருவத்தின்மீதான உரிமையையும் உறுதிசெய்யும் சட்டங்களும் சங்கங்களும் தேவை. பாடசாலைகளிலே பாலியற் கல்வி தேவை. லயங்களுக்குப் பதிலாகக் கதவுடைய வீடுகள் தேவை. மூன்றும் ஒரே போராட்டத்தின் பகுதிகளே.

கொழுந்துக் கூடையின் கனத்தை அறிந்த சமூகம் நம்முடையது. தேயிலைப் பொதியின் புன்னகையை அது ஒருபோதும் அப்படியே நம்பியதில்லை. கையிலுள்ள சிறு திரையிலே தோன்றும் புன்னகையைப் பார்க்கும்போதும், இவளுக்குப் பேர் விழுந்ததா என்று கேட்க நம் இளைஞர் பழகுவாராயின், அதுவே இத்துறையில் திறனாய்வின் தொடக்கமாகும்.